காய்ச்சி வடித்த தண்ணீர்

ஒரே ஒரு சொல்லால் ஓர் ஊரை இருட்டில் தள்ளிவிட்டேன் என்று ஒன்பது நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் மதியத்துக்குள் அது பொய்யென்று ஆகிவிட்டது. அன்று விட்ட பெருமூச்சைப் போல் இன்னொன்றை நான் விட்டதில்லை. பிறகு பிள்ளை பெற்றபோதுகூட அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை என்றால் என் மகள் கோபித்துக்கொள்கிறாள். உண்மை அதுதான், என்ன செய்ய?

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நடந்தது. நான் திருச்சியில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, பெரம்பலூரில் ஒரு மாடி அறையில் இயங்கிய சின்னத் தொண்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். வீடு அரியலூரில். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ், வழியெல்லாம் சிமென்ட் லாரிப் புழுதி. கிராமத்து ஜனங்கள் சொல்வதை வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரிகிற ஆங்கிலத்தில் எழுத வேண்டும்; வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைக் கிராமத்து ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் எழுத வேண்டும். இரண்டிலும் என்னை அடிக்க ஆளில்லை என்று ஒரு நினைப்பு எனக்கு.

ரஞ்சன்குடிக் கோட்டையைத் தாண்டி மேற்கே உள்ளே போனால், முப்பது சொச்சம் வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. ஒரு காலத்தில் அத்தனை பேரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். நான் போன காலத்தில் கொத்தனார், டிரைவர், குத்தகைக்குச் சின்ன வெங்காயம் போடுகிறவர் என்று பலதரப்பட்டவர்கள் இருந்தார்கள். எல்லாம் இருந்தது, கரண்ட் மட்டும் இல்லை. கம்பங்கள் பக்கத்து ஊரோடு நின்றுவிட்டன. நடுவில் ஓர் ஓடை. "அடுத்த வருசம் வந்துரும்" என்று கேட்டுக் கேட்டு, அந்த ஊரில் வராத எதற்கும் 'அடுத்த வருசம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெண் பார்த்துவிட்டுப் போய் பதில் சொல்லாத மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்கூட 'அடுத்த வருசம்'தான்.

அந்த ஊருக்கு, வருடத்தில் பாதி நாள் சூரியன் எட்டிப் பார்க்காத ஒரு குளிர்நாட்டிலிருந்து சூரிய மின்சாரத்துக்கு உதவி வந்தது. அந்த நாட்டு அறக்கட்டளை ஒன்று எங்கள் நிறுவனத்தின் வழியாகக் கொடுத்தது. ஊர்ப் பொது இடத்தில் தகடுகள், பக்கத்தில் பேட்டரிகள் வைக்க ஓர் அறை, அங்கிருந்து வீட்டுக்கு வீடு கம்பி. வீட்டுக்கு இரண்டு விளக்கு, ஒரு பிளக்கு. இது ஒரு வருடம் ஒழுங்காக ஓடினால் அதே மாதிரி இன்னும் மூன்று குடியிருப்புகளுக்குக் கொடுப்பார்கள். ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அங்கிருந்து ஒரு பொறியாளர் வருவார். சரியாகப் பராமரிக்காமல் பேட்டரி கெட்டுப்போயிருந்தால் அத்தோடு சரி, புதுப் பேட்டரியும் கிடையாது, புது ஊரும் கிடையாது. இந்த நிபந்தனையைத் தமிழாக்கியதும் நான்தான்.

பேட்டரி அறையின் சாவியை யாரிடம் கொடுப்பது என்று ஊர்க்கூட்டம் போட்டோம். பத்தாவது வரை படித்த ஒரு பெண் இருந்தார். முப்பது வயதிருக்கும். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அவரைத்தான் வேலைக்கு வைக்க வேண்டும் என்று நாங்கள் சொன்னதும் கூட்டத்தில் சலசலப்பு.

"சாராயம் காச்சுன வூட்டுக்கா சாவி?" என்றார் ஒருவர்.

அந்தப் பெண்ணின் மாமனார் பழைய ஆள். வேலம்பட்டையும் வெல்லமும் போட்டு ஊறல் போட்டு, பானை வைத்துக் காய்ச்சி, பலமுறை போலீஸ் பிடித்துக்கொண்டு போய், அலுத்துப்போய் நிறுத்தியவர். அவர் கூட்டத்தில் பின்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மருமகள் மட்டும் எழுந்து, "காச்சுனது அவருங்க. படிச்சது நானுங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சாவி அவருக்கே போயிற்று. அன்றிலிருந்து ஊரே அவரை ஆபரேட்டர் என்று கூப்பிட்டது. நானும் இனி அப்படியே சொல்கிறேன். அந்த வீட்டுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது அதுதான் முதல்முறை.

ஆபரேட்டருக்காக ஒரு கையேடு வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழாக்கினேன். பச்சை அட்டை, அதில் சிரிக்கிற சூரியன் படம். வம்பு இங்கேதான் ஆரம்பம்.

பேட்டரிக்குள் இருக்கும் தண்ணீர் குறையக் குறைய ஊற்ற வேண்டும். சாதாரணத் தண்ணீர் கூடாது, டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். தகடு மாட்ட வந்த கம்பெனிப் பையன், "டிஸ்டில்டு வாட்டர்னே போட்டுருங்க மேடம், எல்லாருக்கும் தெரியும்," என்றான். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. எல்லாருக்கும் தெரிந்த சொல்லை அப்படியே போடுவதற்கு எனக்கு எதற்குச் சம்பளம்? பேட்டரிக் கடைகளில் அதை 'பேட்டரி தண்ணி' என்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கேட்டால்தானே தெரியும்? பாடப்புத்தகத்தில் 'வாலைவடிநீர்' என்று இருந்தது. அதைப் போட்டால் ஊரில் ஒருவருக்கும் புரியாது. யோசித்து யோசித்து 'காய்ச்சி வடித்த தண்ணீர்' என்று எழுதினேன். எளிமையாக, நல்ல தமிழாக இருந்தது. சொந்த முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

அத்தோடு விட்டேனா? 'குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ ஊற்றக் கூடாது' என்ற வரி கொஞ்சம் மொட்டையாக இருப்பதாகப் பட்டது. ஓட்டத்துக்காக ஒரு சொல் சேர்த்தேன். 'குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே ஊற்றக் கூடாது.'

கையேடு அச்சாகி வந்தபோது மொழிபெயர்த்தவர் பெயர் எங்கும் இல்லை. நிறுவனத்தின் வெளியீடு, தனி ஆள் பெயர் போடும் வழக்கம் இல்லை என்றார் இயக்குநர். இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.

விளக்கு எரிய ஆரம்பித்தது. அறுவடைக் காலத்தில் பெண்கள் பொழுது சாய்ந்த பிறகும் வீட்டு வாசலில் விளக்கைப் போட்டு வெங்காயம் ஆய்ந்தார்கள். பூச்சி பொட்டு பயம் குறைந்தது என்றார்கள். மாதாமாதம் ஆபரேட்டர் பெரம்பலூருக்கு வந்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருப்பதைக் காட்டிவிட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு போவார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். எத்தனை மணிக்கு விளக்கு போட்டார்கள், எத்தனை மணிக்கு அணைத்தார்கள், என்றைக்கு மேகம் எல்லாம் இருக்கும்.

பொறியாளர் வரும் தேதி முடிவான பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வந்திருந்தார். நோட்டைப் புரட்டிக்கொண்டே சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"கம்பெனிக்காரங்க குடுத்த தண்ணி கேன் எல்லாம் தீந்துருக்குமே? புதுசு வாங்கணும்னா சொல்லுங்க."

"அது தீந்து அஞ்சாறு மாசம் ஆச்சுங்க மேடம். நாங்களே காச்சி வடிச்சு ஊத்திக்கிறோம். நீங்க குடுத்த புஸ்தகத்துல இருக்கற மாதிரியேதாங்க."

சொல்லிவிட்டு, "பஸ்ஸு போயிரும், போயிட்டு வரேங்க," என்று படியிறங்கிப் போய்விட்டார். நான் நோட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் சுகாதாரத் துறை விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தது, வருடக்கணக்காக என் கண்ணெதிரே இருந்ததுதான். 'தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிக் குடிப்பீர்.'

இரண்டாம் முறை படித்தேன். காய்ச்சி வடித்த, காய்ச்சி வடிகட்டிய. கிராமத்து நர்ஸம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்வதும் இதைத்தானே? சோற்றை வடிக்கிறோம். காய்ச்சிய தண்ணீரைத் துணியில் வடிக்கிறோம். கிணற்றுத் தண்ணீரை 'அப்படியே' ஊற்றக் கூடாது, காய்ச்சி வடித்தால் ஊற்றலாம் என்று அச்சடித்து, சிரிக்கிற சூரியன் படம் போட்டு, நானே கொடுத்திருக்கிறேன். ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டில் பிடித்து விவரம் கேட்டிருக்கலாம். நான் எழுந்திருக்கவே இல்லை. பதில் தெரிந்துவிடுமே என்ற பயம்.

அன்று மாலை ஒரு பேட்டரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் லப்பைக்குடிக்காட்டு பாய். துபாயில் பல வருடம் வண்டிப் பட்டறையில் இருந்துவிட்டு வந்தவர். யாரோ தெரிந்தவர்களுக்கு என்று பொய் சொல்லி விசாரித்தேன்.

"கெணத்துத் தண்ணியவா? யா அல்லா! நம்ம பக்கத்துத் தண்ணியில சுண்ணாம்பு எம்புட்டு இருக்குன்னு தெரியுமாம்மா? பேட்டரி வவுத்துக்குள்ள போயி உக்காந்துக்கும். ஆறு மாசம் தாங்குனா பெருசு."

"காய்ச்சி வடிகட்டி ஊத்தினாலுமா?"

"கொதிச்சா சுண்ணாம்பு ஓடியா போயிரும்? உங்க வூட்டு வெந்நீர்ப் பானைய எட்டிப் பாருங்க."

பார்த்தேன். அரியலூர் வீட்டில் வெந்நீர் போடும் அண்டாவின் உள்ளே வெள்ளைவெளேரென்று பக்குக் கட்டியிருந்தது. எத்தனையோ வருடமாக அதில் வெந்நீர் எடுத்துக் குளிக்கிறேன். அன்றுதான் விரலால் சுரண்டிப் பார்த்தேன். நகம்தான் உடைந்தது.

மறுநாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ஆபீஸுக்குப் போனேன். இயக்குநர் நல்ல மனிதர்தான், ஆனால் வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார் என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"பேட்டரிதாம்மா எனக்குக் கவலை. ஏதாச்சும் கோளாறு இருந்துச்சுன்னா, ஆபரேட்டர் சரியில்லை, வேற ஆளப் போட்டுடறோம்னு சொல்லிக்கலாம். அந்த வூட்டு மேல ஏற்கெனவே ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. நம்ம மேல வராது."

"சரிங்க சார்," என்றேன்.

அந்த 'சரிங்க சார்' இன்றைக்கும் என்னை முள்ளாகக் குத்துகிறது. சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. நாற்காலியில் போய் உட்கார்ந்து கையேட்டைப் புரட்டி, கடைசிப் பக்கம் வரை பார்த்து, 'நல்லவேளை, இதில் என் பெயர் இல்லை' என்று நினைத்தேன். பெயர் போடவில்லை என்று இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அதே நான்.

நினைத்த மாத்திரத்தில் வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வெட்கம் வேறு, வாய் திறப்பது வேறு. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். ஊர்க்காரர்களின் 'அடுத்த வருசம்' மாதிரி எனக்கு ஒரு 'நாளைக்கு'. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஆபரேட்டரின் முத்து முத்தான எழுத்து கண்ணில் வந்து நின்றது. சாவியைப் பிடுங்கினால் கூட்டத்தில் என்ன பேசுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வூட்டுக்குக் குடுக்காதீங்கன்னு அப்பவே சொன்னோமே.

அடுத்த வார வியாழக்கிழமை பொறியாளர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, ஒட்ட வெட்டிய நரைமுடி, ஆண்பிள்ளைச் செருப்பு. திருச்சியிலிருந்து காரில் வந்தவரோடு பெரம்பலூரில் நானும் இயக்குநரும் ஏறிக்கொண்டோம். ஹைவேயில் கோட்டை தெரிந்தபோது அது என்ன என்று கேட்டார். இயக்குநர் நவாப், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் மொழிபெயர்த்தேனா, உளறினேனா தெரியாது.

ஊரில் மாலை, இளநீர், வரவேற்பு எல்லாம் ஆயிற்று. ஆபரேட்டர் இஸ்திரி போட்ட புடவையில், கையில் சாவியோடு, பேட்டரி அறை வாசலில் நின்றார். பக்கத்தில் அவருடைய மாமனார், வெள்ளை வேட்டி, ஒட்டிய கன்னம். ஊர் ஜனம் சுற்றி நின்றது.

பொறியாளர் கதவைத் திறக்கும் முன்னரே முதல் கேள்வியைக் கேட்டார். பேட்டரிக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

நான் தமிழில் கேட்டேன். ஆபரேட்டர் நிமிர்ந்து, தெளிவாகச் சொன்னார்.

"காச்சி வடிச்ச தண்ணிங்க."

பொறியாளர் என் முகத்தைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளருக்கு இதுதான் சாபம், பதில் ஒருவருடையது, அதை உலகத்துக்குச் சொல்லும் வாய் நம்முடையது. 'டிஸ்டில்டு வாட்டர்' என்று நான் சொன்னால், சோதனை முடிந்ததும் ஆபரேட்டர் பொய்க்காரி ஆவார். 'கொதிக்க வைத்து வடிகட்டிய தண்ணீர்' என்றால் முட்டாள் ஆவார். இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. அது பொறுக்கவில்லை. ஒன்பது நாளாக அடைத்திருந்தது அந்த இடத்தில் உடைத்துக்கொண்டது.

ஆங்கிலத்தில் சொன்னேன். "இவர் புத்தகத்தில் இருக்கிறபடி செய்திருக்கிறார். புத்தகத்தில் இருப்பது தப்பு. அதை எழுதியது நான். பேட்டரி கெட்டிருந்தால் கெடுத்தது இவர் இல்லை."

இயக்குநரின் முகம் பேயறைந்தது மாதிரி ஆயிற்று. பொறியாளர் ஆபரேட்டரிடமிருந்து சாவியை வாங்கிக் கதவைத் திறந்து உள்ளே போனார். எனக்கு அந்த நேரத்திலேயே பாதி பாரம் இறங்கிவிட்டது. இனி நடப்பது நடக்கட்டும் என்று ஒரு தைரியம்.

உள்ளே இருபத்துநான்கு பேட்டரிகள், துடைத்து வைத்த வெண்கலப் பாத்திரம் போல வரிசையாக இருந்தன. பொறியாளர் பையிலிருந்து ஹைட்ரோமீட்டரை எடுத்தார். ரப்பர்க் குமிழை அமுக்கினால் பேட்டரியின் அமிலத்தைக் கொஞ்சம் உறிஞ்சும் கண்ணாடிக் குழாய் அது. உள்ளே மிதக்கும் தக்கை நல்ல உயரத்தில் நின்றால் பேட்டரி ஆரோக்கியம், முங்கினால் கோளாறு. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எண்ணைச் சொல்ல, நான் எழுதினேன். முதலாவதில் தக்கை நன்றாக மிதந்தது. இரண்டாவதிலும். ஐந்து, ஆறு, ஏழு. டார்ச் அடித்து உள்ளே பார்த்தார், வெள்ளைப் படிவு ஒன்றும் இல்லை. பன்னிரண்டாவதற்கு வரும்போது எண்ணை எழுதும் முன் நானே ஒருமுறை எட்டிப் பார்த்தேன். நம்ப முடியவில்லை. இருபத்துநான்காவதையும் பார்த்துவிட்டு அவர் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்றும் கெடவில்லை. புதிது போல இருக்கின்றன," என்றார். "அந்தத் தண்ணீரை எப்படித் தயாரிக்கிறார்கள்? நான் பார்க்க வேண்டும்."

கேள்வியைத் தமிழில் சொன்னதும் வெளியே நின்ற கூட்டம் ஓரடி பின்வாங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆபரேட்டர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் தரையைப் பார்த்தார்.

"அதெல்லாம் எதுக்குங்க மேடம், வெயிலா இருக்கு, சாப்புட வாங்க," என்றார் ஒருவர்.

"பாக்கணும்னு கேக்குறாங்க," என்றேன் நான், எனக்கே ஒன்றும் விளங்காமல்.

மாமனார்தான் கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டார். "காட்டிருவோம் புள்ள. தப்பா ஒண்ணும் பண்ணலியே," என்று முன்னால் நடந்தார்.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால், சோளத்தட்டை அடைத்த மறைப்புக்குள், கல்லடுப்பின் மேல் மூன்று அடுக்காக நின்றது அது. கீழே ஒரு பெரிய மண்பானை. அதன் வாயில், அடியில் துளை போட்ட இரண்டாவது பானை. அதன் மேல் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த சட்டி. இடுக்குகளில் எல்லாம் மண் பூசியிருந்தது. நடுப் பானையின் வயிற்றிலிருந்து ஒரு குழாய் வளைந்து கீழே இறங்கி, வாயில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு கண்ணாடி ஜாடிக்குள் போயிற்று. கீழ்ப் பானையில் கொதிக்கும் தண்ணீர் ஆவியாகி மேலேறி, குளிர்ந்த சட்டியின் அடியில் பட்டு, துளித்துளியாகி, நடுப் பானைக்குள் வைத்த தட்டில் விழுந்து, குழாய் வழியே சொட்டும். பார்த்தவுடன் எவருக்கும் புரிந்துவிடும் அது என்னவென்று. ஊறலுக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஐயோ, போட்டோ எடுக்க வேணாம்னு சொல்லுங்கம்மா!" என்று பதறினார் இயக்குநர். பொறியாளர் அதற்குள் நான்கைந்து எடுத்துவிட்டார்.

நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாமல் ஒன்று வந்தது. காய்ச்சி வடிப்பது! சோறு வடிக்கிறோம், கண்ணீர் வடிக்கிறோம், வெந்நீர் வடிகட்டுகிறோம் என்று ஒன்பது நாள் அந்தச் சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த எனக்கு, இந்தப் பக்கத்தில் காய்ச்சி வடிப்பது என்றால் முதலில் எது என்று தோன்றவே இல்லை. நான் எழுதியதைவிடச் சரியாக அவர்கள் படித்திருக்கிறார்கள்.

ஆபரேட்டர் விளக்கினார், நான் மூக்கைச் சிந்திக்கொண்டே மொழிபெயர்த்தேன்.

"மொதல்ல நானும் சோறு வடிக்கிற மாதிரின்னுதாங்க நெனச்சேன். காச்சி, துணியில வடிச்சு, ஊத்தப் போனேன். இவருதான் புஸ்தகத்தப் படிச்சுக் காட்டச் சொன்னாரு. படிச்சேன். 'அட கூறுகெட்டவளே, சோறு வடிக்கிறதுன்னா வடிச்சதுன்னு மட்டும் போட்ருப்பான், காச்சி வடிச்சதுன்னு எதுக்குப் போடுறான்'னாரு. அன்னைக்கே புதுப் பானை வாங்கியாந்துட்டாரு."

"பழசு ஆவாதா?" என்று கேட்டேன்.

மாமனார் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது. "பழைய பானையில வாடை போவாதும்மா. பேட்டரிக்குப் போதை ஏறிப்புடும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பொறியாளர் காரணம் கேட்டு, நான் சொன்னதும் அவரும் சிரித்தார். பிறகு பையிலிருந்து பேனா அளவுக்கு ஒரு கருவியை எடுத்து ஜாடித் தண்ணீரில் நனைத்துப் பார்த்தார். கடையில் விற்பதற்கு இது ஒன்றும் குறைந்ததில்லை என்றார். மாமனாருக்கு அந்தக் கருவியின் மேல் நம்பிக்கை இல்லை.

"குடிச்சுப் பாக்கச் சொல்லும்மா அந்த அம்மாவ."

அந்த அம்மாள் ஒரு மிடறு குடித்தார். "சுவையே இல்லை," என்றார்.

"அதாங்க பதம்," என்றார் மாமனார், கன்னமெல்லாம் சிரிப்பாக. "எத்தனவாட்டி இதுக்காகப் புடிச்சுட்டுப் போயிருக்கானுவ. வெளிநாட்டுலேர்ந்து புஸ்தகம் போட்டு வடிக்கச் சொன்னது இதாம்மா மொதத் தடவ."

பெரம்பலூரில் இறங்கிக்கொண்டு, பொறியாளரைத் திருச்சிக்கு அனுப்பிவிட்டு, இயக்குநர் என்னைக் காய்ச்சி எடுத்தார். முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன, நான் என்ன கடித்தா தின்றிருப்பேன், வெளிநாட்டுக்காரர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டீர்களே என்றெல்லாம். அவர் காய்ச்சக் காய்ச்ச நான் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர். கொஞ்ச நேரம் பார்த்தவர், அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ரிப்போர்ட்டுல அந்தப் பானைய என்னன்னு எழுதுவீங்க?" என்றார். உள்ளூர்த் தொழில்நுட்பம் என்று எழுதினேன். அதைவிடப் பொருத்தமாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

இரண்டு மாதத்தில் அந்த நாட்டிலிருந்து கடிதம் வந்தது. மற்ற மூன்று குடியிருப்புகளுக்கும் உதவி உறுதி. அங்கெல்லாம் புதிதாக வரும் ஆபரேட்டர்களுக்கு எங்கள் ஆபரேட்டர்தான் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று தனியாக ஒரு வரி. சாவியைப் பற்றி அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கையேட்டை மறுபடி அச்சடித்தபோது 'பேட்டரி தண்ணி' என்று போட்டேன். 'அப்படியே' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். எல்லா ஊரிலும் அப்படி ஒரு மாமனார் இருப்பார் என்று என்ன நிச்சயம்?

கடிதம் வந்த செய்தியைச் சொல்ல நானே ஊருக்குப் போயிருந்தேன். மாமனார் ஓரமாகக் கூப்பிட்டார்.

"எனக்கு ஒரு காயிதம் வேணும்மா. நாளைக்கு எவனாச்சும் வந்து பானையப் பாத்தா, தண்ணிதான் காச்சுறேன்னு நான் சொன்னா எவன் நம்புவான்?"

நியாயமாகத்தான் பட்டது. உலகத்திலேயே யாரும் நம்பமாட்டார்கள். ஆபீஸுக்கு வந்து இயக்குநரிடம் சொன்னேன். எழுதுங்க, ஆனா கையெழுத்து நான் போடமாட்டேன் என்றார். நிறுவனத்தின் தாளில், தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். இந்தப் பானைகளில் காய்ச்சி வடிக்கப்படுவது பேட்டரிக்கான தண்ணீர், இதற்கு நான் பொறுப்பு, சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்கவும். கீழே கையெழுத்துப் போட்டு, முழுப்பெயரையும் எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் குத்தினேன்.

அடுத்த மாதம் சம்பளம் வாங்க வந்த ஆபரேட்டரிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரலை என் பெயரின் மேல் வைத்து நிறுத்தினார்.

"இது அன்னைக்கே இருந்துருக்கலாங்க மேடம்," என்றார். "சோறு வடிக்கிற மாதிரியா, வேற மாதிரியான்னு சந்தேகம் வந்தப்ப, எழுதுனவங்களையே கேட்டுப்புடலாம்னு புஸ்தகம் பூராத் தேடுனேன். ஒரு பேரும் இல்ல."

கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மடித்து, நோட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். இந்த முறை நான் அவரோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.